அரைஞாண் கறுக்கிறது

ஆகஸ்ட் 2, வெள்ளி

இந்த டைரி ஜனவரியிலிருந்து பீரோ மேல் சும்மா கிடந்தது. இவர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்த மாதம் கொண்டுவந்தது. கிழமையெல்லாம் ஒரு நாள் தள்ளி அச்சாகிவிட்டதால் கழித்துப் போட்டிருக்கிறார்கள். கிழமையை நானே அடித்துத் திருத்திக்கொள்கிறேன். எழுதுவதற்கு என்னிடம் பெரிய விசயம் ஒன்றும் இல்லை. வீட்டில் திட்டினால் யாருக்கும் உறைப்பதில்லை, அதனால் இதில் திட்டலாம் என்று எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு வெள்ளி தேய்க்கிற நாள். தையல் மிஷினை மூடிவிட்டு, என் மெட்டி, மகள் செல்வியின் கொலுசு, ஜிமிக்கி, குங்குமச்சிமிழ், கடைசியாக இவருடைய அரைஞாண்கொடி. மற்றதெல்லாம் பத்து நிமிசத்தில் பளிச்சென்று ஆகிவிட்டது. கொடி மட்டும் தோசைக்கல் நிறத்தில் இருக்கிறது. போன வாரம்தான் விபூதி போட்டுத் தேய்த்தேன். ஒரு வாரத்தில் ஒரு மனிதருக்கு இடுப்பில் இவ்வளவு அழுக்கு எங்கிருந்து வரும்?

இது ஆசைக்குப் போட்ட கொடி இல்லை. இரண்டு வருசத்துக்கு முன்னால் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும்போது தீப்பிடித்து இவருடைய இடது கை வெந்துபோனது. முப்பத்தெட்டு நாள் ஆஸ்பத்திரி. பிழைத்து வீட்டுக்கு வந்தால் இடுப்புக்கு வெள்ளியில் கொடி போடுகிறேன் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன், போட்டேன். செல்வி தலையில் கை வைக்கச் சொல்லி, மருந்து ரூமுக்குள் இனிமேல் கால் வைக்க மாட்டேன் என்று சத்தியமும் வாங்கினேன். புண் ஆறி, வீட்டில் கிடந்து, இந்த ஜனவரியில்தான் அச்சகத்துக்குப் போனார். காகிதக் கட்டு தூக்கும் வேலை.

அதுவரை வெள்ளையாக இருந்த கொடி ஆனி கடைசியிலிருந்து கறுக்கிறது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

விபூதி போட்டேன். பல்பொடி போட்டேன். பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரை வரக் கசக்கி, அதில் போட்டு பழைய பிரஷால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்தேன். நூற்றுக்கு மேல் கண்ணி இருக்கும். நடுவில் புளியையும் எடுத்தேன், செல்வி கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள்.

"எம்மா, அது பித்தளைக்கு. வெள்ளியப் போட்டு ஏன் கொல்ற?"

கெமிஸ்ட்ரி இரண்டாம் வருசம் படிக்கிறாள், அந்தத் திமிர். நான் தேய்த்து முடிக்கும்வரை இவர் ஒரு சிவப்புக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றார். ஆம்பிளை இடுப்பு ஒரு நிமிசம்கூட வெறுமையாக இருக்கக் கூடாதாம். அதில் மட்டும் கறார்.

"விடு முனீசு. உள்ள கெடக்கிற சாமான யாரு பாக்கப்போறா?" என்றார்.

நான் பார்க்கிறேன். அது போதாதா?

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மறுபடியும் கறுப்பு. எழுதவே பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

செல்வி போனில் ஒரு வீடியோ காட்டினாள். கிண்ணத்தில் சப்பாத்தி சுற்றுகிற அலுமினியத் தாளை விரித்து, கொதிக்கிற தண்ணீரும் சோடா உப்பும் உப்பும் போட்டு, வெள்ளிச் சாமானைத் தாளின் மேல் படும்படி வைக்க வேண்டும். வைத்தேன். நுரைத்துக்கொண்டு அழுகிய முட்டை வாடை அடித்தது. ஐந்து நிமிசத்தில் எடுத்தால் கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரி வெள்ளை. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஒரு மாதமாக விரல் தேய்ந்ததுதான் மிச்சம், வழி இவ்வளவு சுலபம்.

அவர் கட்டிக்கொண்டபோது நானே கொக்கியை மாட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 17, சனி

சாயந்தரம் பார்த்தேன். பழுப்பு.

ஆகஸ்ட் 19, திங்கள்

பொறுக்க முடியாமல் கொடியை எடுத்துக்கொண்டு நகைக்கடைக்கே போய்விட்டேன். அவரை அந்தச் சிவப்புக் கயிற்றோடு வீட்டில் உட்கார வைத்தாயிற்று. கடை அண்ணாச்சியிடம், வெள்ளி என்று சொல்லி ஈயத்தைக் கொடுத்துவிட்டீர்களா என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கல்லில் உரசினார், ஏதோ சொட்டு விட்டுப் பார்த்தார், என்னிடமும் காட்டினார்.

"வெள்ளியில குத்தம் இல்ல தாயி. சுத்தமான சரக்கு. இதப் போடுறவரு எங்க வேல பாக்காரு?"

"பிரஸ்ல."

"பிரஸ்லயா."

அவ்வளவுதான் சொன்னார். கொடியை ரோஸ் காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவே இல்லை. கடைக்காரர்களுக்கு எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு பார்வை உண்டு. இனி அந்தக் கடைப்பக்கம் போகப் போவதில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் மதினிதான் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னது.

"ஒடம்புல சூடு இருந்தா வெள்ளி அத இழுக்கும் மதினி. அண்ணனுக்கு மேலு கொதிக்கும், பாருங்க."

சரியாகத்தான் இருக்கும். அச்சகத்தில் மிஷின் பக்கத்திலேயே நின்றால் சூடு ஏறாமல் என்ன செய்யும்? அதுவும் இப்போது இரண்டு ஷிப்ட்டாம், காலண்டர் வேலை தொடங்கிவிட்டதாம், விடிவதற்குள் கிளம்பிவிடுகிறார். இன்று பிடித்து உட்கார வைத்து நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். வெறும் வயிற்றில் வெந்தயம், பத்து மணிக்கு மோர், மத்தியானம் வெள்ளரிக்காய் என்று ஒழுங்கு வைத்திருக்கிறேன். முரண்டு பிடிக்காமல் குடித்தார். இதற்கு முன்னால் ஒரு வாய் மோர் குடிக்க ஒரு மணி நேரம் கெஞ்ச வேண்டும்.

மதினிக்கு என்மேல் பொறாமை. வேலை முடிந்து வந்ததும் வெளியிலேயே நின்று குளித்துவிட்டு, தன் சட்டையைத் தானே அலசிப் போடும் ஆம்பிளை இந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டது. உண்மைதான். இருபத்திரண்டு வருசமாக இல்லாத பழக்கம், ஆனி மாதத்திலிருந்து வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

வெந்தயம் தீர்ந்துவிட்டது. கொடி அப்படியேதான் இருக்கிறது.

செப்டம்பர் 6, வெள்ளி

இவர் பாட்டு முணுமுணுக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இவர் வாயில் பாட்டைக் கேட்டதே இல்லை. ஜனவரியில் அச்சகத்துக்குப் போன புதிதில், சாப்பிட உட்கார்ந்தால் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே இருபது வயதுப் பையன்கள் இவரை, "ஏ பெருசு, அந்தக் கட்டத் தூக்கு" என்பார்களாம். ஆலையில் இவர் பெயர் மருந்துக்கார இருளப்பன். மேனேஜர்கூட அண்ணே என்றுதான் கூப்பிடுவார். இப்போது அச்சகமும் பழகிவிட்டது போல.

தலை துவட்டும்போது காதுமடலுக்குப் பின்னால் வெள்ளையாக மினுமினுத்தது. கல்யாணப் பத்திரிகைக்குத் தூவுகிற வெள்ளிப் பொடியாக இருக்கும். துணியை வைத்துத் துடைத்துவிட்டேன். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

நகத்தில் மை இல்லை. ஆனால் காகிதக் கட்டு தூக்குகிறவருக்கு மை எப்படி ஒட்டும்?

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்று எனக்கும் செல்விக்கும் பெரிய சண்டை. அடுப்படியில் ஒரு டிபன் பாக்ஸ் மூடிக் கிடந்தது. திறந்தால், வேகவைத்து இரண்டாக அறுத்த முட்டை, அதன் நடுவில் அவளுடைய வெள்ளி ஜிமிக்கி. ஜிமிக்கி கன்னங்கரேல் என்றிருந்தது. எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஒருத்தி வெள்ளையாக்க முதுகு ஒடிகிறாள், இன்னொருத்தி அதே வீட்டில் கறுப்பாக்குகிறாள்.

"எம்மா, இதுதான் இப்ப பேஷன். கடையில கறுத்த வெள்ளின்னு தனியாவே விக்கான். மேடு மட்டும் லேசாத் தேச்சா பூவெல்லாம் எடுப்பாத் தெரியும், பாரு."

தேய்த்தும் காட்டினாள். பள்ளத்தில் கறுப்பு நின்று, பூவும் இலையும் தனித்தனியாக எழுந்து நின்றன. அழகாகத்தான் இருந்தது, அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

"முட்டையில எப்படிடி கறுக்கும்?"

"மஞ்சக்கருவுல சல்பர் இருக்கும்மா. அது வெள்ளியில பட்டா கறுத்துரும். வேற எதுவும் வேணாம், கந்தகம் இருந்தாப் போதும்."

பால் பொங்கிவிட்டது, அடுப்பை அணைக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். "எம்மா, அப்பா எங்க வேல பாக்காரு?" என்று கேட்டாள்.

"பிரஸ்ல. ஒனக்குத் தெரியாதா?"

"ம்" என்றாள். ஜிமிக்கியைக் காதில் போட்டுக்கொண்டு படிக்கப் போய்விட்டாள்.

செப்டம்பர் 16, திங்கள்

முட்டைதான் காரணம். கை வெந்ததிலிருந்து டாக்டர் சொன்னார் என்று தினமும் இரண்டு முட்டை கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இனி இந்த வீட்டில் முட்டை கிடையாது.

செப்டம்பர் 19, வியாழன்

முட்டை நிறுத்தி மூன்று நாள். எதற்கு இதை எழுதுகிறேன் என்று எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

செப்டம்பர் 20, வெள்ளி

கிண்ணத்தில் தாளை விரித்துக்கொண்டிருந்தபோது இவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். செல்வியின் ஜிமிக்கியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான இருக்கு. எனக்கும் இதுமாதிரி ஒரேயடியாக் கறுப்பாக்கிரு முனீசு. வாரா வாரம் ஏன் கெடந்து தேச்சிக்கிட்டு? எளவட்டப் பயலுக எல்லாம் இப்ப கறுப்புக் கொடிதான் போடுறானுக."

இருபத்திரண்டு வருசத்தில் இந்த மனிதர் ஒரு சட்டையின் நிறத்தைப் பற்றிப் பேசியதில்லை. தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுப்பதைப் போட்டுக்கொள்வார். இன்று பேஷன் பேசுகிறார். என் முகத்தைப் பார்க்காமல் ஜிமிக்கியைப் பார்த்துப் பேசுகிறார். அந்தக் கிண்ணத்துச் சுடுதண்ணீரை அப்படியே முற்றத்தில் வீசத் தோன்றியது.

"சரி" என்றேன்.

கடைக்குப் போய் மூன்று முட்டை வாங்கி வந்தேன். வேகவைத்தேன். உரித்தேன். அறுத்தேன். டிபன் பாக்ஸைத் திறந்து கொடியைக் கையில் எடுத்தேன். பிறகு மூன்று முட்டையையும் உப்பும் மிளகும் போட்டு நானே தின்றுவிட்டேன்.

முட்டை கெட்டுப்போயிருந்தது, கறுக்கவில்லை என்று அவரிடம் சொன்னேன். கொடியைப் பளபளவென்று வெள்ளையாக்கிக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். வேறு முட்டை வாங்கலாமே என்று அவரும் சொல்லவில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

எனக்குத் தெரியும். இரண்டு மாதமாகத் தெரியும். எழுதினால் என்ன இப்போது.

நேற்றுச் சாயந்தரம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் வாணம் விட்டார்கள். தெருவே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. இவர் மட்டும் உதட்டைப் பிதுக்கினார். "பச்ச வெளுத்திருக்கு. மருந்து காயாமக் கெட்டியிருக்கான்" என்றார். பச்சை நிறத்துக்கு இவர் கையை மிஞ்ச இந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. அடுத்த வாணம் போனது. அது கிளிப்பச்சையாக விரிந்து கொஞ்ச நேரம் நின்று அணைந்தது. இவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. செல்வி பிறந்தபோது அவளைக் கையில் வாங்கிய அன்று பார்த்த சிரிப்பு.

கேட்டுவிடு என்று மனசு சொல்கிறது. கேட்டால் இவர் பொய் சொல்ல மாட்டார், ஆமாம் என்பார். ஆமாம் என்று வாயால் சொல்லிவிட்டால் செல்வி தலையில் அடித்த சத்தியம் உடைந்ததாக ஆகிவிடும். அப்புறம் இவருக்காகப் பயப்படுவதா, பிள்ளைக்காகப் பயப்படுவதா? கேட்காத வரைக்கும் சத்தியம் சத்தியமாகவே இருக்கிறது. இப்படி யோசிக்கிறவள் பைத்தியக்காரி என்று செல்வி சொல்வாள். அவளும்தான் கேட்கவில்லை.

அக்டோபர் 7, திங்கள்

காலை எட்டரை மணிக்குச் சத்தம் கேட்டது. ஜன்னல் அதிர்ந்து, மிஷினில் இருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது. தெருவில் எல்லாப் பெண்களும் வெளியே ஓடிவந்தோம். மேற்கே புகை. யாரோ ஆலையின் பெயரைச் சொன்னார்கள், என் காதில் விழவில்லை. காலில் செருப்பு இல்லாமல் ஓடினேன்.

அச்சகம் இருப்பது ஊருக்குக் கிழக்கே. நான் மேற்கே ஓடினேன்.

பாலத்துக்குப் பக்கத்தில் இவர் எதிரே சைக்கிளில் வந்தார். உடம்பு முழுக்கச் சாம்பல் நிறப் பொடி, புருவத்தில்கூட. என்னைப் பார்த்ததும் இறங்கி நின்றார். வெடித்தது இவர் போகிற ஆலை இல்லை, அதற்கு இரண்டு ஆலை தள்ளி என்று பிறகு தெரிந்தது. என் காலைப் பார்த்தார்.

"பிரஸ்ல இன்னைக்குச் சீக்கிரம் விட்டுட்டாங்க" என்றார்.

"சரி" என்றேன்.

சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவந்தார். நான் அவருடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். சட்டைக்குள் கொடி கையில் பட்டது.

அக்டோபர் 8, செவ்வாய்

பாண்டியம்மாள் மதினியின் தம்பி அதில் போய்விட்டான். முப்பத்தொரு வயது. துஷ்டி வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். மதினி அழவில்லை, அழுது முடித்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னது.

"மூணு பேரு மதினி. மூணு பேரு இடுப்புலயும் வெள்ளிக்கொடி கெடக்கு. ஒண்ணுபோல மூணும் கறுத்துக் கெடக்கு. இதுல எந்தம்பி எதுன்னு கேக்காக. நான் என்னன்னு சொல்ல? நடுவுல உள்ளதத் தொட்டு இதுன்னு சொல்லிட்டேன்."

வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். மற்ற ஆலைகள் இன்று வழக்கம்போலத் திறந்துவிட்டன. இவரும் போய்விட்டு மூன்று மணிக்கு வந்தார். இன்று வெள்ளிக்கிழமை இல்லை. ஆனாலும் கொடியைக் கழற்றித் தாருங்கள் என்றேன். கழற்றித் தந்தார். தாளும் சோடா உப்பும் போட்டு வெளுக்க வைத்தேன். பிறகு செல்வியின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். கொக்கிக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவில் பட்டையாக ஒரு தகடு உண்டு. அதில் எழுத ஆரம்பித்தேன். வெள்ளி வழுக்குகிறது, முள் சறுக்கிச் சறுக்கி விரலில் இரண்டு தரம் ஏறிவிட்டது.

இவர் சிவப்புக் கயிற்றோடு நின்று பார்த்தார்.

"என்ன எழுதுற?"

"ஒங்க பேர."

"எதுக்கு? வீட்டுல வேற யாருக்குக் கொடி இருக்கு?"

"வீட்டுல இல்ல. நாளைக்கி வரிசையா வச்சு எதுன்னு கேட்டா எனக்கு வாசிக்கத் தெரியணும்ல."

எழுதி முடித்துக் கொடுத்தேன். கொக்கியை மாட்ட அவருக்கு இன்று நெடுநேரம் ஆனது. நான் உதவிக்குப் போகவில்லை.

அக்டோபர் 9, புதன்

ஐந்தரைக்குச் சைக்கிள் சத்தம் கேட்கவில்லை. டீ போட்டுக்கொண்டிருந்தேன். அடுப்படி வாசலில் வந்து நின்றார். குளித்து, சட்டை போட்டு, கையில் கொடி. இடுப்பில் சிவப்புக் கயிறு.

"முனீசு, ரெண்டு புள்ளிய விட்டுட்ட" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். 'இருளபபன' என்று எழுதி வைத்திருக்கிறேன். முள் சறுக்கியதில் புள்ளி வைக்கவே இல்லை.

ஆலையில் மருந்து கலக்குவதென்றால் விடியலில் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடித்தாக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் சட்டியைத் தொட விடமாட்டார்கள், எவ்வளவு பெரிய மருந்துக்காரராக இருந்தாலும் திரும்பிப் போ என்பார்கள். இதை எனக்குச் சொல்லித் தந்தவரே இவர்தான்.

"உக்காருங்க, வச்சுத் தாரேன்" என்றேன்.

உட்கார்ந்தார். முதலில் டீ கொடுத்தேன். பிறகு காம்பஸைத் தேடினேன், அது மிஷின் மேல் கண்ணுக்கு எதிரேதான் இருந்தது. அழுக்கின் மேல் எழுதக் கூடாது என்று கொடியை மறுபடி விபூதி போட்டுத் தேய்த்தேன், கழுவினேன், துணியில் ஒற்றி வெயிலில் காய வைத்தேன். செல்வி கல்லூரிக்குக் கிளம்பும்போது அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். எட்டரைக்கு முள்ளை எடுத்தேன். வெளிச்சம் போதவில்லை என்று இடம் மாறி உட்கார்ந்தேன். அவர் கடிகாரத்தை ஒரு தரம் பார்த்தார். சீக்கிரம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒன்பதேகாலுக்குக் கொடியைக் கையில் கொடுத்தேன். தகட்டை வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டிப் பார்த்தார்.

"இன்னொன்னு பாக்கி இருக்கே."

"நாளைக்கி வைக்கேன்" என்றேன்.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். 'ன' மேல் புள்ளி வைத்தாயிற்று. 'ப' மேல் நாளைக்கு.